ஆட்டத்துக்குப் பிறப்பிடச் சான்று

பொதுமக்களை இன்முகத்துடன் வரவேற்க வேண்டும் என்பது அரசு அலுவலகங்களில் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்துவரும் சுற்றறிக்கை. சுற்றறிக்கை நடைமுறையில் இருக்கிறது. வரவேற்பு நடைமுறையில் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. போன ஜூன் மாதம் கேட்டுவிட்டார்கள்.

நான் வேலை பார்க்கும் அலுவலகம் இன்னது என்று சொல்ல மாட்டேன். சங்கரன்கோவிலில் இருக்கிறது, சான்றிதழ் கொடுக்கும், அல்லது கொடுக்காது. அதற்கு மேல் சொன்னால் எனக்கு மெமோ வரும். என் பெயர் மூக்காண்டி. உதவியாளர். வயது ஐம்பத்து நான்கு, வயிறு அதற்கு மேல். யார் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று சான்று கேட்கும் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். வந்தவை அவ்வளவு சீக்கிரம் போகாது.

மாவட்டம் முழுவதும் ஓர் இன்முகக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். முப்பத்தெட்டு அலுவலகங்களில் எங்களுக்கு முப்பத்தெட்டாவது இடம். "மனு கொடுக்கப் போனால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை" என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் எழுதியிருந்தார்கள். மீதி ஒன்பது பேர் எங்கள் ஊழியர்களின் சொந்தக்காரர்கள்.

"அப்ப நிமிந்து பாத்தாப் போதும்லா?" என்றாள் தட்டச்சர் பேச்சி.

செலவில்லாத யோசனை என்பதால் அது பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. எங்கள் அதிகாரி செல்வக்குமார் இளம் வயதுக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கம். சாப்பிடும்போதும் தலைமைப் பண்பு பற்றிய வீடியோ பார்ப்பவர். என்னிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் "அண்ணாச்சி" என்பார், ஆகாவிட்டால் "மிஸ்டர் மூக்காண்டி" என்பார். அவர் சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு எழுதினார். அடுத்த புதன்கிழமை அனு என்ற பெண் இடுப்புயர மத்தளம் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

"இது மேற்கு ஆப்பிரிக்கப் பாணி வரவேற்பு நடனம் சார். ஃபாங்கான்னு சொல்வாங்க. வெளியூர்லேர்ந்து ஆள் வந்தா ஊரே சேர்ந்து ஆடி வரவேற்கும். ஒரு ஆபீஸே சேர்ந்து ஆடினா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க!"

யோசித்துப் பார்த்தோம். பேச்சிக்கு இருமல் வந்தது.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். அதற்குள் பதினான்கு பேரும் ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. திங்கட்கிழமை தொடங்கும் பயிற்சிக்குக் கூடம் வேண்டும் என்பதால் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினோம். வாசகம் என்னுடையது. "பொதுமக்களை வரவேற்கும் பயிற்சி நடைபெறுவதால் பொதுமக்கள் உள்ளே வரக் கூடாது."

ஆட்டம் கேட்க எளிது. கால் இரண்டும் மாறி மாறித் தரையைத் தட்ட வேண்டும். கைகள் முதலில் தலையைத் தொடும், அடுத்து உதட்டை, அடுத்து நெஞ்சை, கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். என் எண்ணத்தால் வரவேற்கிறேன், என் சொல்லால் வரவேற்கிறேன், என் நெஞ்சால் வரவேற்கிறேன், என் கையில் எதையும் ஒளித்துவைக்கவில்லை என்று அர்த்தமாம். கடைசி வரியைச் சொன்னபோது கூடத்தில் இரண்டு பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

எனக்குத் தலை வந்தது, உதடு வந்தது. நெஞ்சுக்கு வருவதற்குள் கால் நின்றுவிடும். காலைக் கவனித்தால் கை காதுக்குப் போய்விடும். போதாததற்குப் பின்தெருவில் விசைத்தறி. அனு மத்தளத்தை நிறுத்தினாலும் தறி நிற்காது. தாளம் எது, தறி எது என்று தெரியாமல் நாங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருப்போம். கரண்டு போனால்தான் எங்களுக்கு ஓய்வு.

வராந்தாவில் இருந்தபடி ஜன்னல் வழியாக இதையெல்லாம் ஒரு தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய் வள்ளித்தாய். குருவிகுளம் போகிற வழியில் ஒரு மானாவாரிக் கிராமம். புருஷன் பம்பாயில் முறுக்குக் கம்பெனியில் இருக்கிறார். மகள் காவியா பிறந்ததும் ஒன்பதாவது வரை படித்ததும் அங்கேதான். மாமனார் காலமானதும், கரிசல் காட்டைத் தரிசாகப் போடக் கூடாது என்று தாயும் மகளும் ஊருக்கு வந்துவிட்டார்கள். பன்னிரண்டாவதில் காவியா நல்ல மார்க். வேளாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஒன்பதாவது வரை வெளிமாநிலத்தில் படித்ததால் பிறப்பிடச் சான்று கேட்கிறார்கள். பெரிய அதிகாரி வருகிற அதே வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதைக் கணினியில் ஏற்றாவிட்டால் அவளுக்கு இடம் கிடையாது.

அந்த மனுவை இரண்டு முறை திருப்பியவன் நான்தான். முதல் முறை, சங்கரன்கோவிலுடன் உள்ள தொடர்பு தெளிவாக இல்லை என்று எழுதினேன். தாத்தாவின் பட்டா, அப்பாவின் பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு எல்லாம் வைத்துக் காவியா தெளிவாக்கினாள். இவ்வளவு தெளிவாக ஏன் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டாம் முறையும் திருப்பினேன். மூன்றாம் முறை வந்தது பயிற்சி தொடங்கிய அன்று.

வள்ளித்தாய் மகளிடம் சொன்னது எனக்கே கேட்டது.

"ஏட்டி, பாரு. தலையத் தொடுதான், வாயத் தொடுதான், நெஞ்சத் தொடுதான், கடைசில கைய விரிக்கான். இந்த ஆபீசுக்குன்னே செஞ்சது மாதிரில்லா இருக்கு!"

நாலாவது நாள் என் முழங்கால் பேச ஆரம்பித்தது. ஆட்டத்தை எப்படியாவது நிறுத்த வேண்டும். நேராக முடியாது என்று சொன்னால் மிஸ்டர் மூக்காண்டி ஆகிவிடுவேன். ஆகவே ஒரு குறிப்பு எழுதினேன். அரசு வளாகத்துக்குள் ஆடப்படும் ஆட்டத்தின் பிறப்பிடம் கோப்பில் இல்லை, நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் பதில் சொல்ல இயலாது, பிறப்பிடம் தெரியும்வரை ஆட்டத்தை நிறுத்திவைக்கலாம், பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.

தணிக்கை என்ற சொல்லைப் பார்த்ததும் செல்வக்குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நல்லவேளை சொன்னீங்க அண்ணாச்சி. பிறப்பிடம் உங்க சீட்டுதானே? விசாரிச்சு நீங்களே ரிப்போர்ட் கொடுத்துடுங்க. பயிற்சி பாட்டுக்கு நடக்கட்டும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஆட்டமும் நிற்கவில்லை, விசாரணையும் தலையில் விழுந்தது. அனுவை எதிரே உட்காரவைத்தேன்.

"எந்த ஊரு இது?"

"லைபீரியாப் பக்கம்னு சொல்றாங்க சார்."

"சொல்லுதாங்கன்னா? பாட்டு எந்த ஊரு?"

"பாட்டுல வர்ற வார்த்தை நைஜீரியாப் பக்கத்து பாஷைன்னு சொல்றாங்க."

"மெட்டு?"

அவள் தயங்கினாள். "மெட்டு அமெரிக்காவுல சேர்ந்ததுன்னு சொல்றாங்க சார். நாம ஆடற இந்த வடிவமே அங்க மேடையில உருவானதுதான். அதனாலதான் ஆப்பிரிக்க நடனம்னு சொல்லாம, ஆப்பிரிக்கப் பாணின்னு சொல்றேன்."

"அப்ப தகப்பன் ஊரு ஒண்ணு, தாய் ஊரு ஒண்ணு, வளந்தது இன்னொண்ணு."

"சார், கப்பல்ல கட்டி இழுத்துட்டுப் போன ஜனங்களோட பேரப்பிள்ளைங்க சார் அவங்க. எந்த ஊர்லேர்ந்து இழுத்துட்டு வந்தாங்கன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா நமக்கும் ஒரு ஊர் இருந்துச்சு, அங்க யார் வந்தாலும் வான்னு சொல்லுவாங்கன்னு நினைச்சு ஆடியிருக்காங்க. அந்த ஆட்டத்தைப் போய் எந்த ஊர்னு கேட்டா எப்படி சார்?"

எனக்கு ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது. ஆனால் இருபத்தெட்டு வருட சர்வீஸ் லேசில் விடாது.

"அதுக்கு டாக்குமெண்டு ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

இல்லை. நிராகரிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தேன்.

அன்று சாயங்காலப் பயிற்சியில் ஓர் அசம்பாவிதம் நடந்தது. எனக்கு ஆட்டம் வந்துவிட்டது. கால் தன்னால் தட்டியது, கை தன்னால் நெஞ்சுக்கு வந்தது, அங்கிருந்து விரிந்தது. பதினான்கு பேரும் ஒரே சமயத்தில் விரித்தோம். பேச்சி சிரித்தாள், நானும் சிரித்தேன். ஓர் அலுவலகத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே வள்ளித்தாயைப் பார்த்துத்தான் கையை விரித்திருக்கிறேன். அவள் பதிலுக்கு மனுவின் நகலை நீட்டினாள். நான் அடுத்த சுற்றுக்குத் திரும்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை, ஒன்பதாவது நாள், செல்வக்குமார் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நிராகரிச்சுட்டீங்களே. நாளைக்கு ஆய்வு. பெரிய அதிகாரி இந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் வர்றாரு. ஏதாவது வழி சொல்லுங்க."

"பிறப்பிடம் தெரியலையே சார்."

"உங்களுக்குத் தெரியாத வழியா?"

இப்படிக் கேட்டால் நான் உருகிவிடுவேன். என் பலவீனம் அது. வழி சொன்னேன். எங்கேயோ பிறந்ததைத் தேடுவதால்தானே சிக்கல்? ஆட்டம் ஒன்பது நாளாக இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் விசாரணை செய்து, இவ்வூர்வாசிகள் இரண்டு பேரிடம் சாட்சி வாங்கினால் இந்த ஊர் ஆட்டம் என்றே சான்று கொடுத்துவிடலாம்.

விசாரணைக்கு எதிர்த்த டீக்கடைக்குப் போனேன்.

"துரைப்பாண்டி, எங்க ஆபீசுல ஆடுத ஆட்டம் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? தெனம் பாக்கேம்லா. நீரு ஆடுததப் பாக்கவே கடைக்குக் கூட்டம் வருது வே."

கையெழுத்துப் போட்டான். இரண்டாவது சாட்சிக்கு அக்கம்பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை. வராந்தாவில் வள்ளித்தாய் நின்றாள்.

"ஏம்மா, இந்த ஆட்டத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"ஒம்பது நாளா இங்கனதான் கெடக்கு அண்ணாச்சி. நாங்களுந்தான் இங்கன கெடக்கோம்."

"அது போதும். இங்கன ஒரு கையெழுத்துப் போடு."

போட்டாள். அதன் பக்கத்தில், "வள்ளித்தாய், இவ்வூரைச் சேர்ந்தவர், மேற்படி ஆட்டத்தை நன்கு அறிந்தவர்" என்று என் கையாலேயே எழுதினேன்.

"நம்ம மனு என்னாச்சு அண்ணாச்சி? நாளைக்குக் கடைசி நாளு. புள்ள ராத்திரி எல்லாம் உறங்கல."

"பரிசீலனையில இருக்கும்மா" என்றேன். இருபத்தெட்டு வருடத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது ஒரு நாளும் எனக்கு வாய் குழறியதில்லை. அன்றைக்குக் குழறியது, அவ்வளவுதான். மனுவை எடுத்துப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்குச் சான்று தயார். மேற்படி வரவேற்பு நடனமானது சங்கரன்கோவிலைப் பிறப்பிடமாகக் கொண்டது என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. காரணம், ஒன்பது நாள் வளாக இருப்பும் இருவர் சாட்சியமும். கோப்பு எண், தேதி, முத்திரை. செல்வக்குமார் அதைச் சாட்சிக் கையெழுத்துகளோடு லேமினேட் பண்ணி வாசலில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி கேமரா, கார்கள் சகிதம் வந்தார். வரவேற்பைச் செய்து காட்ட ஒரு பொதுமக்கள் தேவைப்பட்டார்கள். உண்மையான பொதுமக்களை விடுவது ஆபத்து என்று செல்வக்குமார் நினைத்தார். ஆனால் எந்தத் தாளத்தில் உள்ளே வர வேண்டும் என்று தெரிந்த ஆள் ஊரிலேயே வள்ளித்தாய் ஒருத்திதான். அவளிடம் ஒரு வெற்று ஃபைலைக் கொடுத்து, மகளோடு உள்ளே வந்து, சிரித்து, ஃபைலை நீட்டிவிட்டுப் போய்விட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தோம்.

ஆடினோம். குறை சொல்ல முடியாது. மத்தளமும் தறியும் அன்று சேர்ந்தே அடித்தன. வள்ளித்தாய் சரியான இடத்தில் உள்ளே வந்தாள், சிரித்தாள், ஃபைலை நீட்டினாள். பெரிய அதிகாரி கேமராவைப் பார்த்தபடி அதைத் திறந்தார். உள்ளே காவியாவின் மனு நகல் இருந்தது.

"இது நிஜ மனுவா இருக்கே! மூணு தடவை போட்டிருக்கு. யார் இதை நிறுத்தி வெச்சது?"

ஆட்டத்தின் கடைசி அடியில் இருந்தோம். பழக்கதோஷம், பதினான்கு பேரும் ஒரே சமயத்தில் இருபத்தெட்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினோம்.

பெரிய அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. "என்ன ஒரு ஒற்றுமை!" என்றார். கைதட்டல் அடங்கியதும் காவியா முன்னால் வந்தாள்.

"சார், எங்க தாத்தா பட்டா இருக்கு, அப்பா ஸ்கூல் சர்டிஃபிகேட் இருக்கு. எங்கம்மா இந்த ஊர்னு இந்த ஆபீஸே நேத்து எழுதியிருக்கு. வாசல்ல மாட்டியிருக்கு பாருங்க. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் சார் டைம்."

பெரிய அதிகாரி என்னைப் பார்த்தார்.

"பட்டா நிலத்துக்குத்தான் சார், ஆளுக்கு இல்ல" என்றேன். "அம்மாவைச் சாட்சிங்கற முறையில மட்டும்தான் இவ்வூர்வாசின்னு எழுதினது. தாய்ங்கற முறையில விசாரிக்கல."

"அதுவும் நியாயம்தான்" என்றார் பெரிய அதிகாரி. மணி நாலே கால். வள்ளித்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

காவியா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அப்ப அந்தக் கோப்பு எண்ணைப் பாருங்க சார். ஒன்பது நாள் வளாக இருப்பு, ரெண்டு சாட்சி. நானும் அதே ஒன்பது நாள் இதே வராந்தாவுல நின்னேன். டீக்கடை அண்ணன் பார்த்தார். இவங்க பதினாலு பேரும் என்னைப் பார்த்துத்தான் ஆடினாங்க."

பெரிய அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அட, முன்மாதிரி இருக்கா? அதை முதல்ல சொல்லக் கூடாதா?"

முன்மாதிரி இருக்கிறது என்றால் எங்கள் துறையில் மலையும் நகரும். நான் எழுதினேன், பேச்சி அடித்தாள், செல்வக்குமார் கையெழுத்திட்டார். நாலு நாற்பதுக்குச் சான்று கையில், நாலு ஐம்பத்தொன்றுக்குக் கணினியில். இடையில் வள்ளித்தாய் கேட்டாள்.

"எங்க மாமனாரு பட்டாவ எங்கன வைக்கணும் அண்ணாச்சி?"

"அத வெளிய எடுத்துரும்மா. அது உள்ள இருந்தா வீணாச் சந்தேகம் வரும்."

காவியாவுக்கு இடம் கிடைத்தது. எங்களுக்கு மாவட்டத்தின் இன்முகக் கேடயம் கிடைத்தது. செல்வக்குமாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒரு பெண்ணுக்கு விலக்காகக் கொடுத்தது எங்கள் அலுவலகத்தில் விலக்காக இருக்காது, விதியாகிவிடும். மேலிடத்திலிருந்து கேட்டதன்பேரில் புதிய சுற்றறிக்கையின் வரைவை நானே எழுதினேன். நன்றாக வந்திருப்பதாகப் பாராட்டினார்கள். அதன்படி, இனிப் பிறப்பிடச் சான்று கோருவோர் அனைவரும் ஒன்பது நாள் அலுவலக வளாகத்தில் நின்றிருக்க வேண்டும். இவ்வூர்ப் பிறப்பிடச் சான்று பெற்ற இருவர் சாட்சி சொல்ல வேண்டும். பட்டா முதலியன ஏற்கப்பட மாட்டா. பழைய முறையில் வழங்கிய சான்றுகள் செல்லா. ஆகையால் இன்று எங்கள் வராந்தாவில் எழுபது பேர் நிற்கிறார்கள். நாங்கள் காலை, மாலை இரண்டு வேளையும் ஆடி வரவேற்கிறோம்.

என் மகள் வேல்விழியைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஆந்திராவில் விடுதிப் பள்ளியில் படிப்பது வழக்கமாயிற்றே என்று, நான் ஆபீசர் இல்லாவிட்டாலும், அவளையும் எட்டாவதில் கொண்டுபோய் விட்டேன். பன்னிரண்டாவது வரை அங்கேதான். இப்போது அவளுக்கும் பிறப்பிடச் சான்று வேண்டும். இன்றோடு நாலு நாளாக வராந்தாவில் நிற்கிறாள். துணைக்கு அவள் அம்மா கோமதித்தாய். மத்தியானம் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏங்க, இவ எந்த ஊருன்னு ஒங்களுக்கே தெரியாதா?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து பார்த்தேன். இன்முகம் காட்டினேன்.

"எனக்குத் தெரியும். ரெண்டு சாட்சி வேணும்லா?"

"இங்கன எழுவது பேரு நிக்காவ. எல்லாரும் நம்ம ஊரு. யாராவது ரெண்டு பேரக் கூப்பிடுங்க."

கூப்பிட முடியாது. அந்த எழுபது பேரும் எந்த ஊர் என்று இன்னும் முடிவாகவில்லை. டீக்கடைத் துரைப்பாண்டியும் அந்த வரிசையில்தான் நிற்கிறான். பேச்சிக்கும் எனக்கும் இருப்பவை பழைய சான்றுகள், செல்லாது. ரிஜிஸ்டரை எடுத்து மூன்று தடவை பார்த்துவிட்டேன். புதிய முறைப்படி சங்கரன்கோவிலைச் சேர்ந்தவர் என்று சான்று உள்ளவர்கள் இன்றைய தேதிக்கு இரண்டே பேர். ஒன்று காவியா. அவள் பெரிய மனசு பண்ணி, சனிக்கிழமை வந்து என் மகளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று போனில் சொல்லிவிட்டாள். நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொன்று அந்த ஆட்டம். அது சாட்சிக் கையெழுத்து எப்படிப் போடும் என்று தெளிவுரை கேட்டு மாவட்டத்துக்கு எழுதியிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.